ஒரு வேளையாவது வெளியே போய்ச் சாப்பிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்பத்துடன் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஆர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்டுக்குச் செல்வோருக்காகச் சென்ற இதழில் வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். டிக்கெட், தங்குமிடம், கூட்டம் குறைவான மாதங்கள் பற்றிய செய்திகள் பயனுள்ளவை. ஆனால், மூன்று வேளையும் ரிசார்ட்டுக்குள்ளேயே சாப்பிட்டுவிட வேண்டும், வெளியே போய் வருவது நேர விரயம் என்ற அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தைகளையும் வயதான மாமியாரையும் அழைத்துக்கொண்டு அங்கே போய் வந்தவள் என்ற முறையில், அதற்கு நேர்மாறாகச் சொல்ல விரும்புகிறேன். நாளுக்கு ஒரு வேளை, அதிலும் மாலை உணவை, வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே சாப்பிடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கைபேசியில் ஆர்டர் செய்துவிட்டு, உணவு தயாராகிவிட்டது என்ற தகவலுக்குக் காத்திருக்கிறோம். ஒருவர் தட்டுகளை வாங்கி வர, இன்னொருவர் காலி மேசை தேடி அலைகிறார். உட்கார்ந்ததும், அடுத்த சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று யாராவது எழுந்துவிடுகிறார்கள். பரிமாறுபவர்கள் உள்ள உணவகம் வேண்டுமென்றால், முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு நம் பிள்ளைக்கு எங்கே, என்ன சாப்பிடத் தோன்றும் என்று இன்றைக்கே எப்படிச் சொல்ல முடியும்? அன்று குழந்தைக்குக் காய்ச்சலோ சோர்வோ வந்தால், முன்பதிவை விட மனமில்லாமல் அதையும் இழுத்துக்கொண்டு போகிறோம்.

உள்ளே நல்ல உணவே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் ஒன்றான எப்காட்டில் 11 நாடுகளின் அரங்குகள் ஏரியைச் சுற்றி வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு வேளை ஆற அமரச் சாப்பிடுவது நல்ல அனுபவம். அந்த ஒரு வேளையைத் திட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வேளையும் அப்படியே ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

வெளியே போக நமக்குத் தோன்றாததற்கு ஒரு வரலாறும் உண்டு. 1955இல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, சுற்றியிருந்த நிலம் வால்ட் டிஸ்னியின் கையில் இல்லை. சில ஆண்டுகளிலேயே பூங்காவைச் சுற்றி மோட்டல்களும் உணவகங்களும் பெருகின. அந்த நிலைமை அவருக்குப் பிடிக்கவில்லை. ஃபுளோரிடாவில் அது நேரக்கூடாது என்று, வேறு பெயர்களில் தொடங்கிய நிறுவனங்கள் மூலம் 27,000 ஏக்கருக்கும் மேல் நிலம் வாங்கப்பட்டது. 1971 அக்டோபரில் அங்கே முதல் பூங்கா திறக்கப்பட்டது. வெளியுலகம் கண்ணில் படாதபடி வகுக்கப்பட்ட இடம் அது. பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய மகிழ்ச்சி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில், வெளியே போகலாம் என்ற எண்ணத்தை நாமேதான் வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைவீதிக்குப் போய்விட்டு வெளியே சாப்பிட்டதாகச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதுவும் டிஸ்னியின் நிலத்துக்குள்தான் இருக்கிறது.

இனி, எப்போது போவது என்ற கேள்வி. கட்டுரையாளரின் 'நேர விரயம்' என்ற வாதம் நண்பகலுக்குப் பொருந்தும். மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு எந்த நேரத்திலும் பொருந்தும். அந்தப் பூங்காவின் கார் நிறுத்துமிடம் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. வாயிலிலிருந்து படகிலோ மோனோரயிலிலோ போய், பிறகுதான் காரை எடுக்க முடியும். அன்றைக்கு உள்ளேயே சாப்பிடுங்கள், அல்லது பையில் எடுத்துச் செல்லுங்கள். சொந்த உபயோகத்துக்கான உணவையும் மது கலவாத பானங்களையும் உள்ளே கொண்டுபோக அங்கே அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரங்களுக்குத் தடை உண்டு. குளிர்பானம் ஊற்றித் தரும் கடைகளில் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகவே தருகிறார்கள். இந்த இரண்டு செய்திகளும் கட்டுரையில் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது.

மற்ற மூன்று பூங்காக்களில் கார் நிறுத்துமிடம் வாயிலை ஒட்டியே இருக்கிறது. ஃபுளோரிடாவின் கோடையில் பிற்பகல் தோறும் இடியும் மழையும் வருவது வழக்கம். மின்னல் அடித்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். கூட்டம் முழுவதும் கூரைக்கடியில் நெருக்கியடித்து நிற்கும். அந்த நேரத்தில் கிளம்பிவிடுங்கள். நான்கு மணிக்கே மாலை உணவை உண்பது நமக்குப் பழக்கமில்லைதான். ஆனால் காலையிலிருந்து வெயிலில் நடந்த பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் நல்ல பசி இருக்கும், உணவகங்களிலும் இடம் இருக்கும். அதே டிக்கெட்டில் அன்றே திரும்ப உள்ளே வரலாம். கார் நிறுத்தக் கட்டணத்தையும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள், ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்த பூங்காவில் இரவு நிகழ்ச்சிக்கு வயிறும் மனமும் நிறைந்து வந்து நிற்கலாம்.

எங்கே போவது? கட்டுரையாளரிடம் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இங்கேதான். வெளியே இருப்பவை எல்லாம் உலகெங்கும் உள்ள துரித உணவுச் சங்கிலிகள்தான் என்று அவர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். டிஸ்னி நிலத்தின் தெற்கு எல்லையை ஒட்டி ஓடும் 192ஆம் எண் நெடுஞ்சாலையில் அப்படிப்பட்டவை நிறைய இருப்பது உண்மைதான். அனிமல் கிங்டம் பூங்காவின் பக்கமிருந்து ஷெர்பெர்த் சாலை வழியாகச் சில நிமிடங்களில் அந்த நெடுஞ்சாலையை அடைந்துவிடலாம். அதிலேயே கிழக்கே கிஸ்ஸிமி நகரத்தை நோக்கிப் போகப் போக ஊரின் முகம் மாறுகிறது. கிஸ்ஸிமி அடங்கிய ஆஸியோலா கவுண்டியின் (மாவட்டத்தின்) மக்களில் பாதிக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அவர்களில் கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர்கள் ஏராளம். 2017இல் மரியா புயல் அந்தத் தீவைச் சிதைத்த பிறகும் பல குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன.

அவர்கள் நடத்தும் சிறு உணவகங்களில் 'மொஃபோங்கோ' கிடைக்கும். வாழைக்காயைப் பொரித்து, பூண்டும் எண்ணெயும் சேர்த்து உரலில் இடித்து உருட்டித் தருவது. இன்னொன்று 'அரோஸ் கோன் காந்தூலெஸ்'. அதில் அரிசியோடு சேர்ந்து வேகும் பயறு நம் துவரையேதான். இந்தியாவில் விளைந்து, ஆப்பிரிக்கா வழியாகக் கரீபியத் தீவுகளுக்குப் போன பயறு, அங்கே பச்சையாகப் பறிக்கப்பட்டுச் சோற்றில் சேர்கிறது. பெரியவர்களுக்கு அந்தத் தட்டைப் பார்த்ததும் வரும் நிம்மதியை நான் நேரில் கண்டிருக்கிறேன். சைவ உணவுக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டிலும் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியமானது, அங்கே யாரும் நம்மை எழுப்புவதில்லை. பக்கத்து மேசையில் அந்த ஊர்க் குடும்பம் ஒன்று பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு எந்தச் சவாரியில் பயந்தோம், எதில் மறுபடி ஏற வேண்டும் என்று பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுவார்கள். நாள் முழுவதும் ஒன்றாக இருந்தும் பேசிக்கொள்ள அதுவரை வாய்ப்பே கிடைத்திருக்காது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்னியில் 10 வயது ஆகிவிட்டால் பெரியவர் கணக்கு. பஃபே உணவகத்தில் இரண்டு கரண்டி மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கும் முழுக் கட்டணம். வெளியே பல உணவகங்களில் 12 வயது வரை சிறுவர் உணவு கேட்கலாம். மெனுவில் உள்ள விலையோடு வரியும், பரிமாறுபவருக்கான டிப்ஸும் சேரும். சுற்றுலாப் பகுதியில் சில உணவகங்கள் டிப்ஸைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடுகின்றன. எங்களுக்கு அப்படி நேர்ந்தது. பில்லை வரி வரியாகப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு இது கடினம்தான். டிஸ்னியின் பேருந்துகள் அதன் எல்லைக்குள் மட்டுமே ஓடுகின்றன. விமான நிலையத்திலிருந்து விருந்தினரை இலவசமாக அழைத்துவந்த பேருந்தும் 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அதனால் பலர் எப்படியும் கார் வாடகைக்கு எடுக்கிறார்கள். எடுத்த காரை விடுதி வாசலிலேயே நிறுத்தி வைப்பானேன்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரையில் மற்ற ஊர்களின் டிஸ்னி பூங்காக்களைப் பற்றி எழுதும்போது எல்லாவற்றுக்கும் ஒரே அறிவுரையைத் தந்துவிடாதீர்கள். அனஹைமில் வாயிலைத் தாண்டி நடந்தாலே ஹார்பர் பொலிவார்டு சாலையின் உணவகங்கள் வந்துவிடும். டோக்கியோவில் வெளி உணவை உள்ளே கொண்டுபோக முடியாது, ஆனால் கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிட வாயிலுக்கு வெளியே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஷாங்காயிலும் தடை இருந்தது. 2019இல் ஒரு சட்ட மாணவி வழக்குத் தொடுத்த பிறகு, சொந்த உபயோகத்துக்கான உணவை அனுமதித்தார்கள். பூங்காவுக்குப் பூங்கா உணவு விதி என்ன, வாயிலுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் எவ்வளவு தூரம், திரும்ப உள்ளே விடுவார்களா என்ற மூன்றையும் கட்டாயம் வெளியிடுங்கள். சிறு பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு, எந்தச் சவாரி சிறந்தது என்பதைவிட இவைதான் முதலில் தேவைப்படுகின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி