இஞ்சுரி டைமில் ஒரு கடிதம்

தோக்கியோ
19.10.2025

அன்புள்ள கேப்டனுக்கு,

நலம், நலமறிய ஆவல். சம்பிரதாயம் இத்துடன் முடிந்தது. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எட்டு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். நீ பயிற்சி கொடுத்த பள்ளி அணி இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் தோற்ற மறுநாளே நீ விசிலைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாய் என்று உன் அக்கா அப்போதே சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் உனக்குப் போன் செய்யலாம் என்று எடுப்பேன், என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போவேன். என் சட்டைகள் இப்போது பளபளவென்று இருக்கின்றன.

கடந்த செவ்வாய்க்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சோஃபு மைதானத்தில் ஜப்பானும் பிரேசிலும் ஆடின. இடைவேளையில் 0–2. பக்கத்து இருக்கைப் பெரியவர் தன் பெந்தோ சாப்பாட்டுப் பெட்டியை மூடி, ரப்பர் பேண்டு மாட்டி, பைக்குள் வைத்துக் கிளம்பும் ஆயத்தத்தில் இருந்தார். பிறகு 52ஆம் நிமிடம் மினாமினோ, 62இல் நகாமுரா, 71இல் உவேதா. 3–2! ஜப்பான் இதற்குமுன் பிரேசிலை ஒருமுறைகூட வென்றதில்லை. பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார், உடனே மன்னிப்புக் கேட்டார், மறுபடியும் உலுக்கினார்.

ஆனால் நான் பாதி நேரம் ஆட்டத்தையே பார்க்கவில்லை. கோட்டோரம் நின்ற உன் 'கணக்குப்பிள்ளை'யைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2022இல் போனில் அப்படித்தானே அவரைத் திட்டினாய்? நோட்டும் பேனாவுமாக நிற்கிறான், ஆட்டம் நடத்துகிறானா, மளிகைக் கணக்கு எழுதுகிறானா என்று. ஜப்பான் பயிற்சியாளர் ஹாஜிமே மொரியாசுவின் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டாய், இன்னும் மோசமாக ஒன்று வைத்திருப்பாய்.

நாகசாகியில் வளர்ந்தவர். 1987இல் ஹிரோஷிமாவின் மஸ்டா கார் நிறுவன அணியில் சேர்ந்தபோது, கூடச் சேர்ந்த பையன்களுக்குத் தாய் நிறுவனத்தில் வேலை, இவருக்குத் துணை நிறுவனத்தில். பந்தியில் கடைசி இலை. பெரிய வேகமில்லை, உயரமில்லை. எதிராளியின் பந்து எங்கே வருமோ அங்கே முன்கூட்டியே போய் நிற்கத் தெரியும், அவ்வளவுதான். மஸ்டாவில் பயிற்சியாளராக இருந்த நெதர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஓஃப்டுக்கு அது போதுமானதாக இருந்தது. 1992இல் தேசிய அணிக்குப் பொறுப்பேற்றதும் இவரைக் கூப்பிட்டார். பட்டியலைப் பார்த்தவர்களுக்குப் பெயரை எங்கே வெட்டிப் படிப்பது என்றே தெரியவில்லை. ஜப்பானிய எழுத்தில் அவர் முழுப் பெயரே மூன்று எழுத்துதான், அதில் முதலிரண்டும் குடும்பப் பெயர். முதல் எழுத்தோடு வெட்டினால் ஆளே மாறிவிடுவார். அந்தத் தவறான வாசிப்பிலிருந்து பிறந்த 'பொயிச்சி' என்ற பட்டப்பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன்னை 'கேப்டன்' என்று கூப்பிடுவதற்கும் ஒரு தவறான வாசிப்புதான் காரணம் என்பதை இங்கே நான் நினைவுபடுத்தப் போவதில்லை.

இனி கத்தாரின் தலைநகர் தோஹா. 1993 அக்டோபர் 28. இராக்கை வென்றால் ஜப்பானுக்கு முதல் உலகக் கோப்பை. 90 நிமிடம் முடிந்தபோது 2–1 என்று முன்னிலை. மொரியாசுவுக்கு 25 வயது, நடுக்களத்தில் நிற்கிறார். இராக்குக்கு ஒரு கார்னர். உயரத் தூக்கி அடிப்பார்கள் என்று எல்லோரும் கோல் வாசலில் கூடி நிற்க, அவர்கள் பக்கத்திலேயே தட்டிக் கொடுத்துவிட்டார்கள். தடுக்க ஓடிய மியூரா சறுக்கி விழுந்தும் எட்டவில்லை. குறுக்கே வந்த பந்தை ஓம்ரான் தலையால் முட்ட, அது கோல்கீப்பரைத் தாண்டி மெதுவாக உள்ளே போனது. அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது குதிப்பார்கள் என்று தோன்றுகிறது. 2–2. கோல் வித்தியாசத்தில் தென்கொரியா உலகக் கோப்பைக்கு அமெரிக்கா போனது, இவர்கள் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த ஊரில் அந்த இரவுக்கு 'தோஹாவின் துயரம்' என்றே பெயர்.

அதன்பின் பத்து வருடம் ஆடி ஓய்ந்தார், உதவிப் பயிற்சியாளராக இருந்தார், 2012இல் தன் பழைய அணியான சான்ஃபிரெச்சே ஹிரோஷிமாவுக்கே பயிற்சியாளரானார். முதல் வருடமே கோப்பை, 2013இலும் 2015இலும் மறுபடி. நல்ல ஆட்டக்காரர்களைப் பணக்கார அணிகள் ஒவ்வொருவராகக் கொத்திக்கொண்டு போன காலத்தில் இது நடந்தது. பிறகு 2017இல் அணி பதினேழாம் இடத்துக்குச் சரிய, ஜூலையில் விலகிவிட்டார். பார், அவரும் விசிலை வைத்துவிட்டு வந்தவர்தான். ஆனால் மூன்றே மாதத்தில் ஒலிம்பிக் அணிக்குப் பயிற்சியாளராக வேறொரு விசிலை எடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு தேசிய அணியும் அவர் கைக்கு வந்தது.

2021இல் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களில் சொந்த மண்ணில் ஓமனிடமும், பிறகு சவுதியிடமும் தோற்றபோது, இவரை வீட்டுக்கு அனுப்பு என்று என் அலுவலகத்தில் தேநீர் போடும் அம்மாள் முதல் மேலாளர் வரை கத்தினார்கள். அடுத்து சைதாமாவில் ஆஸ்திரேலியா. தேசிய கீதத்தின்போது அவர் கண் கலங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அழுமூஞ்சி என்று நீ சொல்வாய். அன்று 2–1 என்று ஜெயித்தார்.

மறுபடி கத்தார், 2022 உலகக் கோப்பை. ஜெர்மனியிடம் 0–1 என்று பின்தங்கியதும் இடைவேளையில் தற்காப்பையே மாற்றி அமைத்தார், பெஞ்சிலிருந்து போன தோவானும் அசானோவும் ஆளுக்கொன்று அடித்தார்கள். அசானோ ஹிரோஷிமாவில் இவர் வளர்த்த பையன். முழங்கால் காயத்திலிருந்து அப்போதுதான் எழுந்தவனை எதற்குக் கூட்டிப் போகிறார் என்று அணி அறிவித்த அன்று எல்லோரும் கேட்டார்கள். அப்புறம் ஸ்பெயினும் விழுந்தது. அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் 1993 தன் நினைவுக்கு வந்தது என்று அவரே பிறகு சொன்னார். ஆனால் கண்ணெதிரே தன் பையன்கள் பின்வாங்காமல் முன்னே போய்ப் பந்தைப் பறிப்பதைப் பார்த்ததும், காலம் மாறிவிட்டது என்று தோன்றியதாம்.

பத்திரிகைகள் பழைய கணக்கு தீர்ந்தது என்று கொண்டாடின. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஓராண்டுக்குச் சற்று மேல் கழிந்ததும் ஆசியக் கோப்பைக்காக அதே கத்தாருக்குப் போய் அதே இராக்கிடம் 1–2 என்று தோற்றார், காலிறுதியில் ஈரானிடம் கடைசி நொடிகளில் ஒரு பெனால்டியில் வெளியேறினார். கணக்காவது, தீர்வதாவது! அந்த மனிதர் அதைத் தீர்க்காமலே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். போன மார்ச்சில் பஹ்ரைனை வென்று 2026 உலகக் கோப்பைக்கான இடத்தையும் வாங்கிவிட்டார்.

சரி, நீ பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். அதே 2022 உலகக் கோப்பையில் குரோஷியாவுடன் ஆடிய ஆட்டம்.

பெனால்டி அடிக்க யார் வருகிறீர்கள் என்று அவர் ஆட்டக்காரர்களிடமே கேட்டார். சில நொடிகள் யாரும் பேசவில்லை. பிறகு மினாமினோ கை தூக்கினார். முதல் பந்தே தடுக்கப்பட்டது. மிதோமா, யோஷிதா அடித்ததும் அதே கதி, 1–3. அன்று இரவு நீ போனில் கொதித்தாய். பயிற்சியாளன் சம்பளம் வாங்குவதே அந்த ஐந்து பெயரை எழுதத்தான், பாரத்தைப் பையன்கள் தலையில் கட்டிவிட்டுக் கும்பிடு போடுகிறான் என்றாய். நான் அவர் பக்கம் வாதாடினேன். பிப்ரவரியில் நீ ஐந்து பெயரையும் உன் கையாலேயே எழுதித் தோற்றாய். ஆக, எந்த வழியில் போனாலும் தோற்கலாம் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து நிரூபித்திருக்கிறீர்கள்.

வேடிக்கை போதும். கடைசிப் பந்தை வெளியே அடித்த அந்தப் பையன் இப்போது உன் தெரு வழியாக வருவதில்லையாம். சைக்கிளைக் குளக்கரை வழியே சுற்றி ஓட்டிப் போகிறானாம். இதையும் உன் அக்காதான் சொன்னார். நீ விலகியது உனக்கு நீயே கொடுத்துக்கொண்ட தண்டனை என்று நினைத்திருப்பாய். அவனுக்கு அது எப்படித் தெரியும்? தன்னால் சார் போய்விட்டார் என்றுதான் அந்தப் பதினாறு வயதுக்குத் தோன்றும். இதைச் சொல்லத் துணிச்சல் இல்லாமல்தான் நான் எட்டு மாதம் துணி துவைத்தேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் திட்டுகிறேன்.

மினாமினோவுக்கு அந்தப் பெனால்டிக்குப் பிறகு சில மாதம் அணியில் இடமில்லை. பிறகு மொரியாசுவே திரும்ப அழைத்தார். செவ்வாய்க்கிழமை 52ஆம் நிமிடம் முதல் கோல் அடித்தது யார் என்று மேலே எழுதியிருக்கிறேன், போய்ப் பார்த்துக்கொள். அந்தப் பந்து வலையில் விழுந்ததும் எனக்கு உன் நினைவும் அந்தச் சைக்கிள் பையனின் நினைவும்தான் வந்தன.

மற்றபடி, மகள் இங்கே பள்ளிக் கால்பந்தில் சேர்ந்திருக்கிறாள், என்னைப் பார்க்க வரக்கூடாது என்று தடை போட்டிருக்கிறாள். மனைவிக்கு வேலை மாறியிருக்கிறது. இடது முழங்கால் மழைக்கு முந்தின நாளே வலித்து வானிலை சொல்கிறது. பொங்கலுக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. சோடாபுட்டியிடம் சொல்லாதே, கடனைக் கேட்பான்.

அடுத்த ஞாயிறு உன் நேரம் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன். எடு. அதற்குமுன் ஒருநாள் சாயங்காலம் குளக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வா, உனக்குச் சர்க்கரைக்கும் நல்லது.

இப்படிக்கு,
பெஞ்சிலிருந்து உன் பதினான்காம் நம்பர்

பி.கு.: எருமை அடித்த கோல் செல்லாது. இதில் நான் இன்றும் மாறவில்லை.