தயாரிப்பை நிறுத்திய வண்டிகளுக்கும் உதிரிபாகம் வேண்டும்: மோட்டார் சைக்கிள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனங்களின் உதிரிபாகப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் தயாரிப்பை நிறுத்திவிட்ட ஒரு டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் பழைய வகை என்ஜின்) வண்டியில்தான் நான் இன்றும் வேலைக்குப் போய்வருகிறேன். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதப் போவதில்லை. ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயம் இல்லை இது. பழைய வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். சர்வீஸ் சென்டரில் பார்ட் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சப்ளை நிறுத்திட்டாங்க சார், வெளியில பாருங்க" என்பார்கள். வெளியில் என்றால் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அங்கேயும் இல்லாவிட்டால் புதுப்பேட்டை. பெங்களூருக்காரர்களுக்கு ஜே.சி. ரோடு, டெல்லிக்காரர்களுக்கு கரோல் பாக்.

அங்கே எதுவும் கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிடைப்பது என்ன? ஒன்று, யார் செய்தார்கள் என்றே தெரியாத டூப்ளிகேட், அதுவும் உங்கள் பெயர் அச்சடித்த கவரில். இல்லையென்றால் எத்தனையோ வருடமாகப் பரணில் கிடந்த பழைய ஸ்டாக், சொன்ன விலைக்கு. அதுவும் இல்லையென்றால் பிரித்துப்போட்ட வண்டியிலிருந்து கழற்றியது. அந்த வண்டி உண்மையிலேயே ஆயுள் முடிந்து பிரிக்கப்பட்டதா, யாரிடமிருந்தாவது திருடு போனதா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

ஒரு சின்ன பாகத்தை எடுத்துக்கொள்கிறேன். பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டில், மின்சாரம் தரும் மேக்னெட்டோ இருக்கும் பக்கத்தில் உள்ள ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் முதலில் அந்தத் தண்டு இருக்கும் அறையான கிராங்க் கேஸுக்குள் வந்து, அங்கே அழுத்தம் ஏறி, அப்புறம்தான் மேலே சிலிண்டருக்குப் போகும். அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். டூப்ளிகேட் சீலின் உதடு சூட்டில் சீக்கிரமே விறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், ஒருநாள் நெடுஞ்சாலையில் பிஸ்டன் ஜாம் ஆகும். வேகமாகப் போகும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உயிர் தப்பினாலும் சிலிண்டரைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். போர் பண்ணி, அதாவது உள்ளே குடைந்து அகலமாக்கி, கால் மி.மீ. பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அடுத்த முறை அரை, அப்புறம் முக்கால், கடைசியாக ஒரு மி.மீ. அதோடு அந்த சிலிண்டர் பிளாக் முடிந்தது, மேலும் குடைய முடியாது. ஒரு ரப்பர் வளையம் சரியில்லாததால் ஒரு சிலிண்டரே போகிறது.

இதற்குப் பழைய ஸ்டாக்கைத் தேடிப்பிடித்தாலும் பயன் இல்லை. ரப்பர் கவருக்குள் இருந்தாலும் வயசாகும். 20 வருடம் கடையில் கிடந்த ஒரிஜினல் சீலும் விறைத்துத்தான் இருக்கும். சீல், ஓ-ரிங், கார்புரேட்டர் ஜாயின்ட் போன்றவற்றைப் புதிதாக வார்த்தே ஆக வேண்டும்.

வண்டிக்கு வயசாகிவிட்டது, அதனால் பாகம் இல்லை என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100-க்கு இன்றும் என்ஜின் பாகம் கிடைக்கிறது. காரணம், அந்த 97.2 சி.சி. என்ஜினின் வாரிசு ஸ்ப்ளெண்டரில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய புல்லட்டின் வார்ப்பிரும்பு என்ஜினும் அப்படித்தான். பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் வந்ததால் அதற்குப் பாகம் செய்ய ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. ஆக, வயசு ஒரு தடையே இல்லை. நீங்கள் தொடர்ந்தீர்களா, கைவிட்டீர்களா என்பதுதான் கணக்கு.

கைவிடப்பட்டவை எத்தனை! மைசூரில் ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்த ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடப்பட்டது. ஜாவா பெயர் 2018-லும் யெஸ்டி பெயர் 2022-லும் திரும்பி வந்தன. ஆனால் இவை புது என்ஜின்கள். பழைய யெஸ்டிக்காரருக்கு அதிலிருந்து ஒரு பிஸ்டன்கூடப் பொருந்தாது. டிவிஎஸ்ஸும் சுசுகியும் 2001-ல் பிரிந்தன. அவர்கள் சேர்ந்து விற்ற சாமுராய், ஷோகன், மேக்ஸ் 100 வைத்திருப்பவர் இப்போது யார் கதவைத் தட்டுவது? யமஹாவின் ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-ல் நின்றது. அதன் மேல் உள்ள மோகத்தால் வண்டி விலை எங்கேயோ போய்விட்டது, ஆனால் நம்பிப் போட நல்ல பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பழைய வண்டியை ஏன் ஓட்ட வேண்டும், அது புகை கக்குமே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 15 ஆண்டு முடிந்த வண்டியைச் சோதித்து, மேலும் ஐந்தாண்டு ஓட்டலாம் என்று பதிவைப் புதுப்பித்துக் கொடுப்பது அரசுதான். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக ஏறியது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. எல்லாம் கட்டிவிட்டுத்தான் ஓட்டுகிறோம். சட்டப்படி ரோட்டில் ஓடும் வண்டி ஒழுங்கான பிஸ்டன் ரிங், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சரியான ஜெட்டோடு ஓடினால்தானே புகை குறையும்? தேய்ந்த ரிங்கோடும் டூப்ளிகேட் பிரேக் ஷூவோடும் அது ஓடுவது யாருக்கு நல்லது?

விற்காத மாடலுக்கு அச்சையும் டையையும் பராமரிப்பது செலவு என்பீர்கள். புரிகிறது. டேங்க், மட்கார்டு, ஸ்பீடோமீட்டர் எல்லாம் நீங்களே செய்துதர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்களிடம் இருக்கும் வரைபடங்களைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கோயம்புத்தூரிலும் ராஜ்கோட்டிலும் லூதியானாவிலும் எதையும் செய்துதரக்கூடிய பட்டறைகள் இருக்கின்றன. அவர்களிடம் இல்லாதது உங்கள் அளவுகள்தான். வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணும் கிக்கரின் பல்சக்கரம் (கிக்கர் கியர்) உடைந்தால் அதையே மாதிரியாகக் கொடுக்கிறோம். தேய்ந்துபோன பல்லை அளந்து புதுப் பல் வெட்டுகிறார்கள். வடிவம் வந்துவிடும். ஆனால் எந்த எஃகு, எவ்வளவு ஆழத்துக்குக் கடினப்படுத்த வேண்டும் என்பது மாதிரியைப் பார்த்தால் தெரியாது. பல் மென்மையாக இருந்தால் சீக்கிரம் மழுங்கும், அளவுக்கு மீறிக் கடினமானால் உதைக்கும்போது தெறிக்கும். உங்கள் அலமாரியில் இருக்கும் ஒரு தாள் அந்தப் பட்டறைக்காரர் கைக்குப் போனால் இந்தத் திண்டாட்டம் தீரும். இலவசமாகத் தர வேண்டாம். உரிமம் கொடுங்கள், பாகத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளுங்கள், தரத்தைச் சோதித்து முத்திரை குத்துங்கள். டூப்ளிகேட் கவர் அச்சடிப்பவருக்குப் போகும் பணம் உங்களுக்கும் நேர்மையான தொழிலாளிக்கும் வரும்.

வெளிநாட்டில் நடக்காததை நான் கேட்கவில்லை. சுசுகி பிரிட்டனில் பழைய மாடல்களுக்கென்றே பாகத் திட்டம் நடத்துகிறது. கவாசாகி 1972-ன் இசட் 1 வண்டிக்கு சில ஆண்டுகளுக்கு முன் சிலிண்டர் ஹெட்டையே மறுபடி வார்த்து விற்றது.

இன்னொன்றும் உண்டு, இது காசே செலவாகாதது. பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. நிறுத்திய மாடல்களின் சர்வீஸ் மேனுவலையும் பாகப் பட்டியலையும் அங்கே போடுங்கள். எந்த நம்பருக்குப் பதில் எந்த நம்பர் பொருந்தும் என்பது உட்பட. இப்போது அது பழைய மெக்கானிக்குகளின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது, அவர்களுக்கும் வயசாகிறது.

இனி விற்கும் வண்டிகளுக்கு, உற்பத்தி நின்ற பின் எத்தனை ஆண்டு பாகம் தருவீர்கள் என்று விற்பனை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு பாகத்தை நிறுத்தப் போகிறீர்களா, ஓராண்டு முன்னதாக அறிவியுங்கள். வேண்டியவர்கள் வாங்கி வைத்துக்கொள்வோம்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய முடியாதுதான். ஆயில் சீல், பிஸ்டன் ரிங், பிரேக் ஷூ, ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான கோன் செட், கேபிள் இந்த ஐந்திலிருந்து தொடங்கலாம். எந்த மாடலுக்கு, எப்போதிலிருந்து என்று தேதி போட்டு அறிவியுங்கள். முன்பணம் கட்டி ஆர்டர் கொடுக்க எங்களில் பலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பழைய வண்டி ஓட்டும் ஒருவன்
சென்னை