கூட்டாளிக்கு, பேங்க் விஷயமா

அன்பு கூட்டாளிக்கு,

நீ அனுப்பின லெட்டரும் அதோட ஸ்டேட்மெண்ட் போட்டோவும் கிடைச்சுது. நேத்து ராத்திரி சமையல் முடிச்சு எல்லாரும் படுத்தப்புறம் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா பாத்தேன். பேங்க் ஃபீஸ்லயே காசு போகுது, எந்த பேங்குக்கு மாத்தலாம்னு கேட்டிருக்க. ஜோஹனஸ்பர்க் பக்கம் லெனேசியால புது வீடு, வீட்டுக்காரருக்கு முட்டி வலி குறைஞ்சது எல்லாம் படிச்சு சந்தோஷம்டி. ஆனா "வெக்கமா இருக்கு, யார்கிட்டயும் சொல்லாத"ன்னு கடைசியில எழுதியிருக்க பாரு, அது தான் மனச அறுத்துச்சு. நானும் ஒரு வருஷம் இதே மாதிரி வெக்கப்பட்டு வாய மூடிக்கிட்டு தான் இருந்தேன், அதனால உனக்கு முழுசா சொல்லிடறேன், பொறுமையா படி.

முதல்ல அவசரமானது. உன் ஸ்டேட்மெண்ட்ல 99 ராண்ட்னு ஒரு டெபிட் ஆர்டர், அதான் மாசாமாசம் அக்கவுண்ட்லேருந்து தானா எடுக்கறாங்களே, அது இருக்கு, பேரு ஏதோ புரியாத எழுத்து, அது எதுக்குன்னு உனக்கே தெரியலன்னு எழுதியிருக்க. "இதுக்கு நான் ஒத்துக்கல"ன்னு பேங்க்ல சொல்லி அத இன்னிக்கே டிஸ்பியூட் பண்ணு. இந்த மாதிரி சின்னத் தொகையா எடுத்தா யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு 99 ராண்ட் 99 ராண்டா எடுக்கிற திருட்டு நம்ம சவுத் ஆப்பிரிக்காவுல ரொம்ப வருஷமா நடக்குது. பணம் போன நாள்லேருந்து 40 நாளுக்குள்ள சொன்னா பேங்க் ஆப்லயே டிஸ்பியூட் அமுக்கி பணத்த திரும்ப வாங்கிடலாம், 40 நாள் தாண்டிட்டா பேங்க் விசாரிச்சு தான் குடுப்பாங்க, அது இழுக்கும். உன் பொண்ண பக்கத்துல வெச்சுக்கிட்டு பண்ணு. ஆனா நீயே கையெழுத்து போட்ட இன்சூரன்ஸ் மாதிரி விஷயத்த டிஸ்பியூட் பண்ணிடாத, அது தப்பு, பாலிசியும் போயிடும்.

இப்ப என் கதை. 2022 ஏப்ரல்ல வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கில்ல, டர்பன், அத சுத்தி எல்லாம் சேத்து நானூறு பேருக்கு மேல செத்தாங்களே, அப்போ சாட்ஸ்வர்த்ல எங்க வீட்டுப் பின்னாடி மண்ணு தாங்கற சுவரு பாதி சரிஞ்சு கீழ் வீட்டு முற்றத்துல விழுந்துச்சு. நல்லவேளை ஆள் யாருக்கும் ஒண்ணும் ஆகல. இன்சூரன்ஸ்ல சுவருக்கு குடுக்கல, கையில பணம் இல்ல, பேங்க்ல கேட்டா "உங்க அக்கவுண்ட்லயே 15,000 ராண்ட் ஓவர்டிராஃப்ட் போட்டுத் தர்றோம், உங்க பணம் தீந்தாலும் அவ்வளவு வரைக்கும் எடுத்துக்கலாம்"னாங்க. சட்டுனு கிடைச்சுது, சுவரும் கட்டியாச்சு. அப்போ எனக்கு அது கடன்னே தோணலடி, அது தான் முதல் தப்பு. ஏடிஎம்ல "அவைலபிள் பேலன்ஸ்"னு காட்டுறானே, அதுல நம்ம பணமும் ஓவர்டிராஃப்ட்டும் சேந்து தான் வரும். 2,000 ராண்ட் இருக்குன்னு நினைச்சு பிள்ளைங்களுக்கு ஷூ வாங்கிட்டு வருவேன், உண்மையில நான் மைனஸ் 13,000-ல நிக்கிறேன்.

வட்டியும் நின்ன இடத்துல நிக்கல. நான் வாங்கின மாசம் பிரைம் ரேட், அதாவது பேங்க் கடனுக்கு அடிப்படை வட்டி, 7.75 சதவீதம், 2023 மே மாசத்துக்குள்ள அது 11.75 ஆயிடுச்சு. நான் ஒரு ராண்ட் கூட கூடுதலா எடுக்கல, ஆனா மாசாமாசம் வட்டி மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. நேஷனல் கிரெடிட் ஆக்ட்படி ஓவர்டிராஃப்ட்டுக்கு, ரிசர்வ் பேங்க் மத்த பேங்குங்ககிட்ட வாங்கற ரெப்போ ரேட்டோட 14 சதவீதம் சேத்து தான் உச்சம், அதுக்கு மேல வாங்கக்கூடாது, ஆனா ரெப்போவே 8.25-க்கு ஏறினா அந்த உச்சமே 22.25 ஆயிடுதே. அதுக்கு மேல மாசம் சர்வீஸ் ஃபீஸ் 69 ராண்ட், அதாவது 60-ம் அதுக்கு வாட் வரியும். சுவருக்காக வாங்கின கடன் நான் ஒண்ணும் செய்யாமலே என்ன தின்னுக்கிட்டு இருந்துச்சு.

சரி, அப்பக்கூட சமாளிச்சிக்கிட்டு தான் இருந்தேன். போன வருஷம் ஆபீஸ்ல சம்பளம் 25-ந் தேதி வந்துக்கிட்டு இருந்தத மாசக் கடைசி நாளுக்கு மாத்திட்டாங்க, அங்க தான் எல்லாம் கெட்டுப்போச்சு. என்னோட டெபிட் ஆர்டர் எல்லாம் 26-ந் தேதி. முதல் மாசம் 26-ந் தேதி ராத்திரி அக்கவுண்ட்ல லிமிட்டுக்கு இன்னும் 400 ராண்ட் தான் மிச்சம். சாவுச் செலவுக்குக் கட்டற ஃபியூனரல் பாலிசி 310 போச்சு, 90 தான் பாக்கி. அப்புறம் கார் இன்சூரன்ஸ் வந்துச்சு, பணம் பத்தல, திரும்பிப் போச்சு, அதுக்கு 145 ராண்ட் ஃபீஸ். செல்போன் கான்ட்ராக்ட் வந்துச்சு, அதுவும் திரும்பிப் போச்சு, இன்னொரு 145. இந்த ரெண்டு ஃபீஸும் போட்டதுலயே லிமிட்ட தாண்டிட்டேன் பாரு, நான் ஒண்ணும் வாங்கல, அவங்க போட்ட ஃபீஸே என்ன தாண்ட வெச்சுது. அப்புறம் வீட்டுக் காவலுக்கு வர்ற ஆர்ம்டு ரெஸ்பான்ஸ் காரங்க வந்தாங்க, அத மட்டும் பேங்க் குடுத்துட்டு, "பணம் இல்லாமலே குடுத்தோம்"னு ஹானரிங் ஃபீஸ் 120. திருப்பி அனுப்பினாலும் ஃபீஸ், குடுத்தாலும் ஃபீஸ். ஒரு ராத்திரில 410 ராண்ட்.

அடுத்த மாசம் இன்சூரன்ஸ் காரன் ரெண்டு மாசத்துக்கும் சேத்து எடுக்கப் பாத்தான், எப்படி கிடைக்கும், மறுபடியும் 410. மூணாவது மாசம் 290. எஸ்எம்எஸ் வரும், நான் பாக்காம அழிச்சிடுவேன், வீட்டுக்காரர் கண்ணுல பட்டா என்ன சொல்வார்னு பயம். அவர் அந்த மாசம் பூரா கார எடுத்துக்கிட்டு கிங் ஷாகா ஏர்போர்ட்டுக்கும் டவுனுக்கும் ஓடிக்கிட்டு இருந்தாரு, அந்தக் கார்க்கு இன்சூரன்ஸே இல்ல. ஒரு ஆக்சிடென்ட் ஆகியிருந்தா? இப்ப எழுதும்போது கூட கை நடுங்குது.

என் பொண்ணு தான் ஒரு நாள் ஸ்டேட்மெண்ட்ட பிரிண்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கர் வெச்சு ஃபீஸ் இருக்கிற வரிய எல்லாம் கோடு போட்டா. மூணு மாசத்துல வட்டியும் மாச சர்வீஸ் ஃபீஸும் இல்லாம வெறும் இந்த ஃபீஸ் மட்டும் 1,110 ராண்ட்டி. எவ்வளவு மளிகை வாங்கியிருக்கலாம் அதுல எங்க வீட்டுக்கு? அன்னிக்கு எனக்கு மவுண்ட் எட்ஜ்கோம் கரும்பு மில் பேரக்ஸ்ல நாம இருந்தப்போ கடைக்காரத் தாத்தா வெச்சிருந்த புக்கு ஞாபகம் வந்துச்சு. உங்க ஆயாவும் எங்க ஆயாவும் அரிசி பருப்பு வாங்கி எழுதிட்டு வருவாங்க, சம்பளத்தன்னிக்குப் போய் அடைப்பாங்க. கணக்கு ஏறிப்போச்சுன்னா அந்தத் தாத்தா மீன் டின்ன கையில எடுக்கறதுக்கு முன்னாடியே "அம்மா, இந்த மாசம் இது வேண்டாமே"ன்னு மெதுவா சொல்வாரு. முன்னாடி சொல்வாரு, அது தான் விஷயம். பேங்க் எல்லாம் முடிஞ்சப்புறம் தான் சொல்லுது, சொன்னதுக்கும் சேத்து காசு வாங்குது.

மார்க்கர் போட்ட பேப்பர எடுத்துக்கிட்டு அரை நாள் லீவு போட்டு பிரான்ச்சுக்குப் போனேன். முதல்ல இருந்த பொண்ணு "சிஸ்டம் தானா போடுது ஆன்ட்டி, ஒண்ணும் பண்ண முடியாது"ன்னா. நான் எந்திரிக்கல. சம்பள தேதி மாறினதுக்கு ஆபீஸ் லெட்டர் இருந்துச்சு, அத வெச்சு மேனேஜர்கிட்ட பேசணும்னேன். குரல் எல்லாம் நடுங்குச்சு, ஆனா பேசினேன். கடைசியில மூணு ஃபீஸ திரும்பப் போட்டாரு, 435 ராண்ட். கேட்டா தான் கிடைக்குது, கேக்காதவங்களுக்கு யாரும் தானா குடுக்கறதில்ல. அவங்க குடுக்கலன்னா எழுத்துல கம்ப்ளெய்ன்ட் குடுத்து ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிக்கோ, பதில் சரியில்லன்னா இந்த மாதிரி புகார விசாரிக்கிற நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்புட்கிட்ட போகலாம், நமக்கு செலவே இல்ல. முன்னாடி பேங்குக்கு தனி, இன்சூரன்ஸுக்கு தனின்னு இருந்தத 2024 மார்ச்ல ஒண்ணா சேத்துட்டாங்க.

அதே வாரம் நான் செஞ்ச இன்னொரு வேலை தான் என்ன உண்மையில காப்பாத்துச்சு. இன்சூரன்ஸ், செல்போன், ஆர்ம்டு ரெஸ்பான்ஸ், ஃபியூனரல் பாலிசி எல்லாருக்கும் போன் பண்ணி தேதிய 1-ந் தேதிக்கு மாத்தச் சொன்னேன். ரெண்டு பேரு டெபிசெக்னு போனுக்கு அனுப்பினாங்க, தொகை, தேதி எல்லாம் பாத்து நாமளே ஓகே குடுக்கணும், அப்ப தான் செல்லும். நாலு போன் கால் தான், ஒரு மத்தியானம். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒரு டெபிட் ஆர்டர் கூட திரும்பல. அதனால தான் சொல்றேன், பேங்க மாத்தறதுக்கு முன்னாடி தேதிய மாத்து. உன் ஸ்டேட்மெண்ட்ட பாத்தேன், வீட்டுக்காரர் பென்ஷன் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி உனக்கு ரெண்டு டெபிட் ஆர்டர் வருது. இத வெச்சுக்கிட்டு எந்த பேங்குக்குப் போனாலும் அங்கயும் ஃபீஸ் தான் போடுவாங்க.

இப்ப நீ கேட்ட கேள்வி, எந்த பேங்க்னு. என் வழி எனக்கு, உன் கணக்கு வேற. நான் சம்பளத்த கேபிடெக்குக்கு மாத்திட்டேன், 2001-ல ஆரம்பிச்ச பேங்க், மாச ஃபீஸ் கம்மி, ஞாயித்துக்கிழமை கூட சில பிரான்ச் திறந்திருக்கு, எனக்கு அது போதும். ஓவர்டிராஃப்ட் வேணாம்னு தெளிவா சொல்லிட்டேன். உனக்கோ பிளவுஸ் தைச்சு வர்ற காசு எல்லாம் நோட்டா வருது, வாரா வாரம் போடற. உன் ஸ்டேட்மெண்ட்ல திரும்பின டெபிட் ஆர்டருக்கு அடுத்தபடியா அதிகமா போனது கேஷ் டெபாசிட் ஃபீஸ் தான், நீ கவனிச்சியா? நூறு நூறுக்கு இவ்வளவுன்னு கணக்கு போட்டு எடுக்கிறான். உன்ன மாதிரி ஆளுக்கு பிக் அன் பே, பாக்சர் மாதிரி சூப்பர்மார்க்கெட்ல பில் போடற டில்லுல பணம் போடறது எடுக்கறது பண்ணக்கூடிய பேங்க் நல்லது, 2019-ல டைம்பேங்க்ங்கிற பேர்ல மாச ஃபீஸே இல்லாம வந்த பேங்க் அப்படி தான். ஏடிஎம்ல எடுக்கறத விட கடை டில்லுல எடுக்கறது பெரும்பாலும் மலிவு, அது எந்த பேங்கா இருந்தாலும் செய். ஆனா அங்க உக்காந்து பேச பெரிய பிரான்ச் இருக்காது, வீட்டுக்காரருக்கு ஆள் முகம் பாத்து பேசணும்னா யோசி. விளம்பரத்துல வர்ற மாச ஃபீஸ மட்டும் பாக்காத, ஃபீஸ் பேம்ப்லெட்ட வாங்கி டெபிட் ஆர்டர் திரும்பினா எவ்வளவு, ஹானரிங் ஃபீஸ் உண்டா, கேஷ் போட எவ்வளவுன்னு மூணையும் உன் ஸ்டேட்மெண்ட்டோட வெச்சு போட்டுப் பாரு.

புது பேங்க்ல போட்டா பணம் போயிடுமோன்னு பயப்படற. அந்த பயம் எனக்கும் புரியுது, நம்ம டர்பன் இந்தியன் ஆளுங்க ஆரம்பிச்ச நியூ ரிபப்ளிக் பேங்க் 1999-ல சிக்கல்ல மாட்டினப்போ பெரியவங்க எல்லாம் பேசிக்கிட்டது காதுல இருக்கு, 2018-ல விபிஎஸ் பேங்க் விழுந்தப்போ ஏழைங்க சேமிப்பு எல்லாம் என்ன ஆச்சுன்னும் பாத்தோம். ஆனா 2024 ஏப்ரல்லேருந்து டெபாசிட் இன்சூரன்ஸ் வந்திருக்கு, ஒரு பேங்க் விழுந்தா ஒரு ஆளுக்கு 1,00,000 ராண்ட் வரைக்கும் திரும்பக் கிடைக்கும். நம்ம கிட்ட இருக்கிறது அதுக்குள்ள தான்.

மாத்தும்போது பழைய அக்கவுண்ட்ட உடனே மூடாத. டெபிட் ஆர்டர் ஒண்ணொண்ணா புதுசுக்குப் போகட்டும், டெபிசெக் எல்லாம் புதுசா ஓகே கேக்கும், ரெண்டு மாசம் பழையதுல கொஞ்சம் காசு வெச்சிரு. எல்லாம் நின்னப்புறம் போய் எழுதிக் குடுத்து மூடிட்டு, மூடியாச்சுன்னு பேப்பர் வாங்கு. சும்மா விட்டுட்டா மாச ஃபீஸ் அதுபாட்டுக்கு ஏறி மைனஸ்ல போய் உன் பேர கெடுத்துடும், எங்க தெருவுலயே ஒரு பொண்ணுக்கு அப்படி ஆச்சு. என்னால உடனே மூட முடியல, கடன் இருந்துச்சு. மாசம் 1,500 ராண்ட் புது அக்கவுண்ட்லேருந்து அதுக்கு அனுப்பினேன், கட்டக் கட்ட லிமிட்டையும் குறைக்கச் சொன்னேன், இல்லன்னா மறுபடியும் கை போகும்னு எனக்கே தெரியும். டிசம்பர்ல போனஸா வந்த பதிமூணாவது செக்க அப்படியே அதுல போட்டேன். ஜனவரில சைபர். வீட்டுக்காரர்கிட்ட அன்னிக்கு தான் எல்லாத்தையும் சொன்னேன், அவரு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "சுவரு நம்ம ரெண்டு பேருக்கும் தானே கட்டினது, ஏன் நீ மட்டும் தூக்கின"ன்னு கேட்டாரு. அழுதுட்டேன்.

நீயும் உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு, லெட்டர காட்டினா கூட பரவால்ல.

குட் ஃப்ரைடேக்கு மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்கு வர்றேன்னு எழுதியிருக்க, கட்டாயம் வா, நம்ம வீட்லயே தங்கு. சனிக்கிழமை காலையில பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போய் காய் வாங்கிட்டு வந்து மத்தியானம் உக்காரலாம். மூணு மாச ஸ்டேட்மெண்ட்ட பிரிண்ட் எடுத்துட்டு வா. மார்க்கர் என்கிட்ட இருக்கு.

உன் பழைய கூட்டாளி,
சாட்ஸ்வர்த்