சிங்கி இறால் மீனவர் சங்க ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு நான்கு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். படகுத்துறைப் பலகைகளை மாற்றிவிட்டோம். சரி, மிச்ச நேரத்தை ஆகஸ்டில் நாம் இழந்த மூத்த உறுப்பினருக்காக எடுத்துக்கொள்கிறேன்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கடலில் சிங்கிக் கூண்டு இறக்கியவர். அவர் படகில் மூன்று கோடைக்காலம் கூண்டுகளுக்கு இரை போட்ட பைகளைக் கட்டினேன். முதல் நாள் இரைக்கு வைக்கும் ஹெர்ரிங் மீனின் நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்த என் கையில் அவர் கொடுத்தது, தேய்ந்துபோன பித்தளை அளவுகோல். கண்குழியிலிருந்து முதுகோட்டின் முடிவு வரை மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் கடலுக்கு. ஐந்து அங்குலத்தைத் தாண்டினாலும் கடலுக்கு. மயிரிழை சந்தேகம் வந்தால் இரண்டாம் முறை அளக்கவே மாட்டார், விட்டுவிடுவார். முட்டை சுமந்த சிங்கி வந்தால் வால் துடுப்பில் ‘வி’ போல ஒரு வெட்டு போட்டு, தூக்கி எறியாமல், குனிந்து கையாலேயே தண்ணீரில் இறக்குவார். அந்த வெட்டு இருந்தால், முட்டை இல்லாதபோதும் அதை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஞாயிற்றுக்கிழமை கூண்டு தூக்கத் தடை. அவருக்கு வருஷம் முழுக்க ஞாயிறு வீட்டுக்குத்தான். மனைவி படுத்த படுக்கையாக இருந்த இரண்டு வருஷமும், 800 கூண்டு போட உரிமம் இருந்தும், பாதிதான் போட்டார். மதியத்துக்குள் திரும்பி, கைகழுவி, தானே ஊட்டிவிடுவார். மீன்வாடை போக எலுமிச்சையால் கையைத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பேத்தி. ஒன்பது வயதில் அவளுக்கு மாணவர் உரிமம் எடுத்தார்; அந்த வயதுக்குப் பத்துக் கூண்டுதான். மிதவைகளுக்கு அவளே மஞ்சள் அடித்தாள்.

அவர் போனபோது கூண்டுகள் கடலில் கிடந்தன. அடுத்தவர் கூண்டைத் தொடுவது குற்றம் என்பதால் மாநிலக் கடல்வளத் துறையிடம் அனுமதி வாங்கி, ஒன்பது படகுகளில் போய் இரண்டே நாளில் கரையேற்றினோம். வந்தவர்கள் எல்லோருக்கும் சங்கத்தின் நன்றி. என் படகில் ஏறிய கடைசிக் கூண்டில் ஒரு பெரிய சிங்கி. வாலில் பழைய வெட்டு, ஓடு கழற்றியதில் கொஞ்சம் மங்கியிருந்தது. பேத்தி குனிந்து அதைக் கையால் இறக்கிவிட்டாள்.

அவளுடைய பத்துக் கூண்டுகளை வசந்தத்தில் மறுபடி இறக்குகிறோம். வாரத்துக்கு ஒருவர் என அவளைக் கூட்டிப்போக முறை வைத்திருக்கிறோம். ஜூலையில் இரண்டு வாரம் இன்னும் காலி. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்