அவன் சின்னப் பையனாகவே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

ஸ்கூல் ஃபாரத்தில் அப்பா பெயர் கேட்டிருக்கும் இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாய். உள்ளதை உள்ளபடி எழுது. விவாகரத்து ஆனாலும் பேரனுக்கு அவர் அப்பாதான். கார்டியன் என்ற இடத்தில் உன் பெயர். யார் முன்னாலும் கூனிக் குறுகி நிற்காதே. கல்யாணமாகாத தாய்கூட தகப்பன் பெயரைச் சொல்லாமலே கார்டியன் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் தீர்ப்பு சொல்லிவிட்டது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். என்னிடம் கவுன்சலிங்குக்கு வருகிற பெண்கள் பலருக்கு இது தெரியாது.

பேரனுடைய இனிஷியலை அரசிதழில் போட்டு மாற்றலாம். இப்போது வேண்டாம் என்பேன். உன் கோபம் நியாயம்தான், ஆனால் அந்த எழுத்து அவனுடையது. கொஞ்சம் வளரட்டும், அவனையே கேள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அன்றைக்கு உன் பெரியப்பா அவன் தலையைத் தடவி, "இனி நீதாண்டா வீட்டு ஆம்பிள்ளை, அம்மாவைப் பாத்துக்கணும்" என்றார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பையன் வந்தான், பேர் ஊர் வேண்டாம். ஐந்தாம் வகுப்பு. வயிற்று வலி என்று ஸ்கூலுக்கே போகமாட்டான். ஸ்கேன் எடுத்துப் பார்த்தும் ஒன்றுமில்லை. பேசப் பேசத்தான் தெரிந்தது: ராத்திரி எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறான், கேஸ் சிலிண்டரைப் பார்க்கிறான், பிறகு அம்மாவின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறான். அப்பா பிரிந்துபோனபோது யாரோ அவனிடமும் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் வாடகை, கடன், கோர்ட் எல்லாவற்றையும் அவனிடமே சொல்லி அழுதிருக்கிறாள். பாவம், சொல்ல வேறு ஆள் இல்லை. பையனுக்கு என்று நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குத்தான் ஆள் தேடினோம். ஒரு சித்தி, ஆபீஸில் ஒரு தோழி, வாரம் ஒருமுறை நான். அவள் எங்களிடம் அழ ஆரம்பித்த பிறகு பையன் தூங்க ஆரம்பித்தான்.

அதனால் கேட்கிறேன், நீ யாரிடம் அழுகிறாய்? என்னிடம் அழு, எந்நேரமானாலும். ஆனால் உனக்குக் கவுன்சலிங் நான் செய்ய மாட்டேன். பெற்ற பிள்ளைக்குச் செய்யக்கூடாது என்பது எங்கள் தொழில் நெறி. அதோடு, நீ சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரியும், நிதானமாகக் கேட்க முடியாது. கோவையில் நல்ல கவுன்சலர் ஒருவரைத் தெரியும், நம்பர் அனுப்புகிறேன். அதுவரை தூக்கம் வராத ராத்திரிகளில் 14416க்குப் பேசு. டெலி மானஸ் என்ற இந்த மனநல உதவி எண்ணை அரசாங்கம் 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. காசு கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அப்பா எங்கே என்று பேரன் கேட்டால், வெளியூர் போயிருக்கார் என்று மட்டும் சொல்லாதே. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "அப்பாவும் அம்மாவும் இனி வேற வேற வீட்டுல இருப்போம். இது உன்னால இல்லை" என்று சொல். மறுபடி கேட்பான், மறுபடி அதையே சொல். தன்னால்தான் அப்பா போனார் என்று நினைக்காத பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். சனிக்கிழமை வருகிறேன், அன்றைக்கே கவுன்சலரிடம் நேரம் வாங்கிவிடு. பேரன் என்னோடு இருக்கட்டும்.

அம்மா