ஹெல்மட்டுக்குள் கதைத்த பெடியன் என் மருமகன்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் இணுவில் வாசகர் ஒருவர் ஒரு கவலையை எழுதியிருந்தார். தங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் நடுச்சாமத்தில் மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு அறைக்குள் தனியே இருந்து கதைக்கிறானாம், "எதிரி வந்திட்டான், எல்லாரும் பின்னுக்குப் போங்கோ" என்று கத்துகிறானாம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைப் பாவிக்கிறார்களோ தெரியவில்லையாம். அந்தப் பெடியன் என் தங்கச்சியின் மகன். ஹெல்மட் என்னுடையது. அவன் எதையும் பாவிப்பதில்லை, பிளேன்ரீ மட்டும் அளவுக்கு மிஞ்சிக் குடிப்பான். ஆனால் எங்கள் ஊரில் அப்படியொரு வசனத்தை நடுச்சாமத்தில் கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கும். அதற்காக அந்த வாசகரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முப்பது வருஷத்துக்கு மேலாக நான் ஒலிபெருக்கித் தொழில் செய்கிறேன். கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் என் ஹோர்ன் மரத்தில் ஏறியிருக்கிறது. ஹோர்னில் அடிச்சத்தம் வராது, உச்சச்சத்தமும் வராது, நடுவில் உள்ள தகரக் குரல்தான் வரும். அந்தத் தகரத்தை எப்படிக் குறைப்பது என்றே என் ஆயுளில் பாதி போனது. போன வருஷம் மருமகன் வந்து, "மாமா, குரலைத் தகரம் மாதிரி ஆக்குறது எப்பிடி?" என்று கேட்டபோது என்னைப் பகிடி பண்ணுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவனும் கூட்டாளிகள் மூன்று பேரும் ஒரு கேமுக்கு மொட் செய்கிறார்கள். கம்பனி செய்து விற்ற விளையாட்டில், விளையாடுகிறவர்களே உடுப்பையோ இடத்தையோ குரலையோ மாற்றிச் சேர்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். இதில் காசு கிடைப்பதில்லை. இவர்களுடைய மொட்டில் விண்வெளிச் சிப்பாய்கள் தமிழில் கதைப்பார்கள். 240 வசனம், ஒவ்வொன்றும் தனித்தனி ஃபைல். பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் சிப்பாய் வாயை அசைப்பான், சத்தம் வராது. சிப்பாய்கள் எல்லோரும் முகம் மூடிய ஹெல்மட் போட்டவர்கள் என்பதால், குரலும் அதற்குள்ளிருந்து வருவதுபோல இருக்கவேண்டும்.

அதற்குத்தான் என் ஹெல்மட்டைக் கேட்டு வாங்கிப்போனான். வாசகர் கண்டது அந்த முதல் கிழமையை. போட்டுக்கொண்டு கதைத்தால் ஹெல்மட் குரல் தானாக வந்துவிடும் என்று அவன் நினைத்தான், உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். மைக்கை உள்ளே செருகினால் ஒவ்வொரு 'ப'வுக்கும் மூச்சு இடித்துக் குண்டு விழுந்ததுபோலக் கேட்டது. வெளியே வைத்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக் கதைத்ததுபோல இருந்தது. உள்ளே இருக்கிற பஞ்சும் துணியும் கூர்மையான ஒலியைக் குடித்துவிடும். கண்ணாடியில் ஆவி படிந்ததுதான் மிச்சம். யோசித்துப் பார்த்தால், நாங்கள் 'ஹெல்மட் குரல்' என்று எதிர்பார்ப்பது ஹெல்மட்டின் குரலே இல்லை. உள்ளே ஒரு சின்ன மைக், அதிலிருந்து ரேடியோ, வெளியே ஒரு சின்ன ஸ்பீக்கர் என்று அவ்வளவையும் தாண்டி வருகிற குரலைத்தான் காது எதிர்பார்க்கிறது.

ஆகவே குரலைத் துப்புரவாகப் பதிந்துவிட்டு ஹெல்மட்டைப் பிறகு கணினியில் போடுவது என்று முடிவெடுத்தோம். தங்கச்சியின் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே மைக்கை வைத்து, வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டோம். மின்விசிறியை நிற்பாட்டினோம். பகலில் இது சரிவராது. இணுவிலில் பகலில் எந்த வீட்டில் தவில் சாதகம் தொடங்கும் என்று சொல்லமுடியாது. அது ஓய்ந்தால் காங்கேசன்துறை வீதியில் மினிபஸ் ஹோர்ன், இல்லாவிட்டால் காகம். அதனால்தான் பதினொரு மணிக்குப் பிறகு பதிகிறோம். வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

மருமகன் பாவிப்பது ஓடாசிட்டி, இலவச மென்பொருள், 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. முதலில் அதில் உள்ள எதிரொலியை எடுத்துப் போட்டான். சிப்பாய் கல்யாண மண்டபத்தில் நிற்பதுபோல இருந்தது. குறைத்தான். "கிணத்துக்கை நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு மாமா" என்றான். அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் சத்தம் ஏழு மீற்றர் கீழே போய்த் திரும்ப 0.04 செக்கன் எடுக்கும், அதனால் இடம் எவ்வளவு பெரிது என்று காதுக்குத் தெரியும். வெறுங்குடத்தை வாயோடு வைத்துக் கதைத்தால் எதிரொலி என்று தனியாக ஒன்றும் கேட்காது, குரலின் நிறம் மட்டும் மாறும். ஹெல்மட் குடத்தின் சாதி. வாய்க்கும் கண்ணாடிக்கும் இடையில் 6 சென்ரிமீற்றர் என்று வைத்தால் போய்வர 12. எங்கள் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். கணக்குப் பார்த்தால் செக்கனில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. கணினி ஒரு செக்கனை 44,100 துண்டாக வெட்டிப் பதிகிறது, ஆகவே அதே குரலை இன்னொரு தடத்தில் பிரதி எடுத்து, 15 துண்டு தள்ளி, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து மேலே வைத்தோம். 1450 ஹேர்ட்ஸ் பக்கம், அதாவது செக்கனுக்கு 1450 தடவை அதிர்கிற ஒலி உள்ள இடத்தில், சத்தம் குறைந்து ஒரு பள்ளம் விழுந்து குரல் குடத்துக்குள் போய்விட்டது. தங்கச்சி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆர் அது?" என்று கேட்டாள்.

பிறகு ரேடியோ. ரெலிபோன்காரர் காலங்காலமாகப் பாவித்த அளவு 300 தொடக்கம் 3400 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழும் மேலும் வெட்டினோம். ஆம்பிளைக் குரலின் அடிச்சுருதி 100 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும், இந்த வெட்டில் அது முழுக்கப் போய்விடும். ஆனாலும் ரெலிபோனில் அப்பாவின் குரல் கட்டைக் குரலாகத்தான் கேட்கிறது. அடிச்சுருதியின் மடங்குகளாக மேலே மிஞ்சியிருக்கிற மேல்சுருதிகளை வைத்து இல்லாத அடியை மூளையே கட்டிக்கொள்கிறது. எத்தனையோ வருஷமாக ஹோர்ன் கட்டிய எனக்கு இது இப்போதுதான் விளங்கியது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியாக, சின்ன ஆம்பிளிபயரை முறுக்கினால் வருகிற கரகரப்புக் கொஞ்சம். அதற்குப் பிறகு இன்னொரு தடவை வெட்டவேண்டும், ஏனென்றால் கரகரப்பு 3400க்கு மேலே புதுச்சத்தங்களை உண்டாக்கிவிடும். மூச்சுச் சத்தத்தை அழிக்காமல் விட்டோம். மூச்சு இல்லாவிட்டால் ஹெல்மட்டுக்குள் ஆள் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு பெரிய சிக்கல் வந்தது. இணையத்தில் வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் ஆயத்தமாகச் செய்து வைத்த அளவு ஒன்றை, நாங்கள் வைத்ததற்குப் பதிலாக மருமகன் எடுத்துப் போட்டிருந்தான். அதில் மேல்வெட்டு 2000 ஹேர்ட்ஸ். ஆங்கிலத்துக்கு அது போதுமோ என்னவோ. எங்கள் தளபதி, காயப்பட்டவர்களைக் காட்டி, "இவர்களைப் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று சொல்வார். கேட்டுப் பார்த்தால், "இவர்களைப் பார்த்துக் கொல்லுங்கள்". நாலு தடவை போட்டுக் கேட்டோம், நாலு தடவையும் கொலைதான். 'ல'வையும் 'ள'வையும் பிரித்துக் காட்டுகிற ஒலி பெரும்பாலும் 2000க்கும் 3000க்கும் நடுவில் இருக்கிறது. அதை வெட்டினால் நாக்கு மடிந்ததா மடியவில்லையா என்று காதுக்குத் தெரியாது. 'ழ'வைப் பற்றி நான் பேசவரவில்லை, எங்கள் வாயில் அது ஏற்கெனவே 'ள'தான். வெட்டைத் திரும்ப 3400க்கு ஏற்றி, கரகரப்பைப் பாதியாக்கிய பிறகுதான் காயப்பட்டவர்கள் பிழைத்தார்கள். 'ட்ட', 'ற்ற' வருகிற இடங்களிலும் கவனம் வேண்டும். அந்த இரட்டிப்பு காதுக்குத் தெரிவதே நடுவில் உள்ள சின்ன மௌனத்தால்தான், இரைச்சலைக் கூட்டினால் அந்த மௌனம் நிரம்பிவிடும். தமிழில் இந்த வேலை செய்ய நினைக்கிற மற்றப் பெடியள் இந்தக் கடிதத்தில் வேறொன்றையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசிக்கட்டும்.

வசனம் தொடங்கும்போதும் முடியும்போதும் கேட்கிற 'பீப்' பற்றி ஒரு வார்த்தை. நிலாவுக்கு ஆள் அனுப்பிய அப்பலோ காலத்தில், நாசாவின் தரைநிலையங்களில் ஒலிபரப்பியைத் திறக்க 2525 ஹேர்ட்ஸில் ஒரு பீப், மூட 2475 ஹேர்ட்ஸில் ஒரு பீப், இரண்டும் கால் செக்கன் நீளம். அது சுவிச்சுக்காக வைத்தது. விண்வெளி வீரனின் ஹெல்மட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் வேண்டாம் என்றேன். பெடியள் நாலு பேரும் வேண்டும் என்றார்கள். வைத்திருக்கிறார்கள்.

நிற்க. எங்கள் ஒழுங்கையில் எட்டு வீடுதான், கடிதம் எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். சனசமூக நிலைய ஆண்டு விழாக்களில் என் மைக்கில் எத்தனையோ தடவை தலைமையுரை ஆற்றியவர். மைக்கை விழுங்குவதுபோலக் கிட்ட வந்து கதைப்பார், அவருக்கென்றே அடிச்சத்தத்தைக் குறைத்து வைப்பேன். வெண்கலக் குரல். எங்களிடம் வயதான தளபதிக்கு 18 வசனம் பதியாமல் கிடக்கிறது. பெடியள் செய்து பார்த்தார்கள், கிழவனாக நடிக்கிற பெடியன் குரலாகத்தான் வருகிறது. ஐயா சம்மதித்தால் சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வரலாம். பிளேன்ரீ உண்டு. ஹெல்மட் கொண்டுவரத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒலிபெருக்கிக்காரன்,
இணுவில்.