ஜெயிலை மூடுவது இருக்கட்டும், முதலில் படுக்கைக்குப் பணம் வையுங்கள்

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆளும் சபையின் ஐந்து சூப்பர்வைசர்களுக்கும் வணக்கம்.

போன தடவை டெம்பிள் தெருவில் உங்கள் கூட்டத்துக்கு வந்தபோது பேச எனக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. பெயரையும் ஊரையும் சொல்லித் தொண்டையைச் செருமுவதற்குள் அது தீர்ந்துவிட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் அத்தனை பேர் நின்றார்கள், உங்களைக் குறை சொல்ல முடியாது. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், ஆர்ட்டீசியாவிலும் செரிட்டோஸிலும் இருக்கிற நம் ஆட்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான். கவுண்டியின் போலீஸையும் ஜெயில்களையும் நடத்துகிற ஷெரிஃபின் பட்ஜெட் என்றால் வேறு யாருடைய விவகாரமோ என்று நினைக்கிறோம். ஆனால் அந்த இரண்டு ஊருக்கும் சொந்தமாகப் போலீஸ் கிடையாது. 1954-இல் பக்கத்து ஊரான லேக்வுட் தொடங்கிவைத்த வழக்கப்படி ஷெரிஃபிடம் ஒப்பந்தம் போட்டுக் காவலை வாங்குகிற ஊர்கள் அவை.

எங்கள் வட்டத்தில் ஒரு அக்கா இருக்கிறார். மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா. மாத்திரையை நிறுத்திவிட்டிருந்த ஒரு ராத்திரி அவன் தோசைக்கரண்டியோடு வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் காரைத் தட்ட ஆரம்பித்தான். அக்கா 911-ஐ அழைத்தார். டாக்டர் மாதிரி யாராவது வருவார்கள் என்று நினைத்திருக்கிறார், பாவம். இரண்டு போலீஸ் கார்கள் வந்தன. ஒரு பக்கம் டார்ச் வெளிச்சம், கையில் இருப்பதைக் கீழே போடு என்று ஆங்கிலத்தில் அதட்டல். இன்னொரு பக்கம் வாசற்படியில் நைட்டியோடு நின்ற அம்மா, "கண்ணா, கரண்டியை அம்மாகிட்ட குடுத்துடுடா" என்று கெஞ்சல். அவனுக்கோ இந்த இரண்டு குரலும் கேட்கவில்லை, தலைக்குள் கேட்ட குரல்தான் கேட்டது. நல்ல வேளையாக யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் பொழுது விடிந்தது லாக்கப்பில். எந்த ஊர், யாருடைய போலீஸ் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வந்த இருவரும் கெட்டவர்கள் இல்லை என்று அக்காவே சொல்கிறார். அவனைக் கூட்டிப்போக அவர்களுக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான்.

இன்னொரு கதவு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதைத்தான் அந்த ஒரு நிமிடத்தில் சொல்ல வந்தேன். 2015-இல் ஜெயிலில் மனநோயாளிகளை நடத்தும் விதம் பற்றி மத்திய நீதித்துறையோடு உடன்பாடு செய்துகொண்டீர்கள். அதே ஆண்டு, சிகிச்சையும் வீடும் கொடுத்து ஆட்களை ஜெயிலிலிருந்து வெளியே கொண்டுவர ஒரு தனி அலுவலகம் திறந்தீர்கள். 2019 ஆகஸ்டில், மென்ஸ் சென்ட்ரல் ஜெயிலுக்குப் பதிலாக மனநல ஜெயில் கட்டும் ஒப்பந்தத்தை ரத்து செய்தீர்கள். 2021 ஜூனில், 1963-இல் திறந்த அந்தப் பழைய கட்டடத்தையே மூடுவது என்று வாக்களித்தீர்கள். உங்களில் சிலர் அப்போது அந்த நாற்காலிகளில் இல்லை, சரி. சபை அதே சபைதான். கட்டடம் இன்றும் பூட்டும் சாவியுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2022 செப்டம்பரில், புதிதாக வருபவர்களை மணிக்கணக்கில் நாற்காலியோடு சங்கிலியில் பிணைக்காதீர்கள் என்று ஒரு மத்திய நீதிபதி உத்தரவே போட வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில், ஜெயில்களின் நிலைமைக்காக மாநில அட்டர்னி ஜெனரல் ராப் போன்டா உங்கள்மேல் வழக்குப் போட்டார்.

ஏன் மூட முடியவில்லை? உள்ளே இருப்பவர்களை அனுப்ப இடமில்லை. கவுண்டி ஜெயில்களில் இருப்பவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் மனநலச் சிக்கல் உள்ளவர்கள். அவர்களில் 61 சதவீதம் பேரைச் சமூகத்தில் வைத்தே கவனிக்கலாம் என்று ராண்ட் ஆராய்ச்சி நிறுவனம் 2020-இல் கணக்கிட்டுச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, 2015-இல் நீங்கள் திறந்த அந்த அலுவலகம் வீடு கொடுத்து வைத்தவர்களை அதே நிறுவனம் ஆராய்ந்தது. ஒரு வருடம் கழித்தும் 74 சதவீதம் பேர் நிலையான இருப்பிடத்தில் இருந்தார்கள். நூற்றுக்கு 86 பேர் மீது புதிதாகப் பெருங்குற்றத் தீர்ப்பு எதுவும் இல்லை. இதைவிட நல்ல மார்க் ஷீட் எந்தத் துறை காட்டும்? காட்டிய பிறகும் இப்படிப்பட்ட சிகிச்சை விடுதிகளின் படுக்கை எண்ணிக்கை தேவைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

கையில் காசில்லை என்பீர்கள். 2025 ஜனவரிக் காட்டுத்தீ, அப்புறம் சிறுவர் காப்பகங்களில் நடந்த பாலியல் கொடுமைகளுக்காக 4 பில்லியன் டாலர் இழப்பீடு. இரண்டும் நிஜமான சுமைதான். (அந்த 4 பில்லியனும், அடைத்து வைத்த பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டதன் வட்டி என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.) ஷெரிஃப் துறையின் ஓராண்டுச் செலவும் ஏறக்குறைய அதே 4 பில்லியன். ஷெரிஃப் லூனா மக்கள் ஓட்டில் வந்தவர், அவருக்கு நீங்கள் முதலாளிகள் அல்ல. 2022-இல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய மெஷர் ஏ என்ற தீர்மானம் மூலம் உங்களுக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஐந்தில் நான்கு ஓட்டில் ஷெரிஃபை நீக்கும் அதிகாரம் கிடைத்தது, ஆனால் அது தினசரிக்கான ஆயுதம் இல்லை. தினசரிக்கு உங்களிடம் இருப்பது பணப்பை. ஷெரிஃபின் காவலர்களான டெபுட்டிகள் கட்டாய ஓவர்டைமில் களைத்துப் போயிருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. நிரப்ப முடியாத காலியிடத்துக்கான பணம் ஓவர்டைமாகக் கரைகிறது. அதில் ஒரு பங்கை எடுத்து, இந்த ராத்திரி ஜெயிலுக்கு வர வேண்டியிராத ஆளுக்கு வெளியே படுக்கை போட்டால் டெபுட்டிக்கும் சுமை குறையும்.

இந்தத் திட்டங்களுக்கு ஒரு வருடத்துக்கு மட்டுமான பணம் வைக்காதீர்கள், வருடாவருடம் வருகிற பணமாக வையுங்கள். போலீஸ் சம்பளத்தை அப்படி வைக்கிறோமா? அடுத்த ஜூனில் பணம் வருமா என்று தெரியாத விடுதிக்காரர் எப்படி நர்ஸை வேலைக்கு எடுப்பார்?

கடைசியாக மெஷர் ஜே. கவுண்டி தானே திரட்டும், இன்னதற்கென்று முன்பே ஒதுக்கப்படாத வருவாயில் 10 சதவீதத்தையாவது வீடு, சிகிச்சை, வேலை, ஜெயிலுக்கு மாற்று என்று செலவிட வேண்டும், ஜெயிலுக்கும் காவலுக்கும் தொடக்கூடாது என்று 2020-இல் 57 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டோம். 2021-இல் கோர்ட் அதைச் செல்லாது என்றது, 2023-இல் மேல்கோர்ட் செல்லும் என்றது. அத்தனையும் தாண்டி வந்ததை, சபையை ஒன்பது பேராக விரிக்க 2024-இல் நிறைவேறிய மெஷர் ஜி கவனக்குறைவாக அழித்துவிட்டது, 2028 முதல் அது இருக்காது என்பது 2025 ஜூலையில்தான் வெளியே தெரிந்தது. மெஷர் ஜே-யைக் கவுண்டி சாசனத்தில் சேர்க்காமல் விட்ட எழுத்தர் பிழை! எங்கள் வீட்டில் ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனால்கூட இதைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்போம். எந்த வழியில் சரிசெய்தாலும், அடுத்து வருகிற சபை நினைத்தால் கலைக்கிற மாதிரி வைக்காதீர்கள். சாசனத்திலேயே எழுதுங்கள்.

அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் இப்போது 988 என்று, மனநல நெருக்கடிக்கு அழைக்கிற எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. "இதுல கூப்பிட்டா போலீஸ் வராதுல்ல தம்பி?" என்று கேட்டார். பெரும்பாலும் போனிலேயே பேசி முடித்துவிடுவார்கள், ஆபத்து என்று பட்டால் போலீஸும் வரலாம் என்றேன். அவருக்கு அது போதவில்லை. மே மாத பட்ஜெட் விசாரணைக்கு அவரும் வருகிறார். அந்த ஒரு நிமிடத்தைத் தமிழிலேயே பேசுவார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஆர்ட்டீசியாவிலிருந்து ஒரு வரி கட்டுபவர்